புறப்பட்ட நேரம்

ஐந்து ஐம்பதுக்குப் படகு ட்ரெய்லரின் இடது சக்கரத்துக்கு ஓர் உதை, ஐந்து ஐம்பத்தொன்றுக்கு வலது சக்கரத்துக்கு ஓர் உதை. வலது சக்கரத்தில் காற்றில்லை என்பது உதைக்கிற காலுக்கும் தெரியும், உதை வாங்குகிற சக்கரத்துக்கும் தெரியும். ஆனாலும் ஒருநாள் விட்டதில்லை. பிறகு டீ டம்ளரோடு ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தில் கால் வைத்து ஏறி, படகின் பின்பலகையில் உட்கார்ந்து, சுக்கான் கட்டையை இடது அக்குளில் இடுக்கிக்கொள்வார். எதிரே பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவர். ஒன்பது வருடமாகப் படகின் மூக்கு அந்தச் சுவரைத்தான் குறிவைத்திருக்கிறது. தூரத்தில் கரை தெரிகிறவரைப் போல அவர் அதைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். ஆறு பத்துக்கு டீ முடியும். இறங்கிக் குளிக்கப் போவார்.

தெருவில் அவருக்கு மாலுமி என்று பெயர். பஸ் டிப்போவில் அவர் டைம்கீப்பர். டிப்போ வாசலில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த கூண்டு. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், ஒரு மின்விசிறி, அவர். பஸ் கிளம்பும்போது கண்டக்டர் இரண்டு விசில் கொடுப்பார். இரண்டாவது விசில் அடங்குவதற்குள் அவர் கை நேரத்தைக் குறித்திருக்கும். நோட்டில் நான்கு பத்தி: குறித்த நேரம், புறப்பட்ட நேரம், வித்தியாசம், காரணம். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு கட்டத்தையும் அவர் காலியாக விட்டதில்லை.

இந்தப் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. தெருவில் யாராவது இரண்டு முறை விசில் ஊதினால் போதும். கையில் இருப்பது சாப்பாட்டுத் தட்டா, தண்ணீர் டம்ளரா என்று பார்க்காது. அதைப் போட்டுவிட்டுக் கை சட்டைப்பைப் பேனாவுக்குப் போகும். ஒருமுறை கையில் இருந்தது மச்சினனின் குழந்தை. நல்லவேளை, கீழே மெத்தை இருந்தது.

“அட்டவணை தப்பாது. பஸ்தான் தப்பும்” என்பது அவர் கட்சி. தாமதமாகப் போகிற டிரைவரை அவர் மன்னித்துவிடுவார். நேரத்துக்கு முன்னால் கிளம்புகிறவனைக் கண்டால்தான் ஆகாது. “லேட்டுக்கு ஆயிரம் காரணம் எழுதலாம். சீக்கிரம் போனவனுக்கு என்னத்த எழுதுறது?” என்று கண்ணாடிக்கு உள்ளிருந்து கேட்பார். டிரைவர்கள் சும்மா விடுவதில்லை.

“என்ன சார், கப்பல் எப்பக் கிளம்புது?”

“பயண அட்டவணைக்குப் பதினாறாம் திருத்தம் ஓடிக்கிட்டிருக்கு.”

“திருத்தமாவது ஓடுதே சார்.”

படகு பதினைந்து அடி. ஊரைவிட்டுப் போன பல் டாக்டர் ஒருவர் அவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. வந்த நாளிலிருந்து வீட்டு முன்னறை ஜன்னலை ஒட்டி நிற்கிறது. பாய்மரம் மடக்கி நீளவாக்கில் கட்டியிருக்கிறது. அதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு திட்டம் பிறந்தது. மச்சினன் வேனில் படகை இழுத்துக்கொண்டு போய்க் கழிமுகத்தில் இறக்குவது. கரையோரமாகவே மூன்று நாள் பாய் விரித்துப் போவது. இரண்டு இரவு ஓடை வாய்களில் தங்குவது. நான்காம் நாள் கூண்டில் உட்கார்ந்து வழக்கம்போல் நேரம் குறிப்பது. திட்டம் இவ்வளவுதான். அட்டவணை நாற்பத்தொரு பக்கம்.

அதில் எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம், நங்கூரம் போட ஆறு நிமிடம், எடுக்க எட்டு நிமிடம். காலையில் கரையிலிருந்து அடிக்கும் காற்று ஏழே காலுக்கு வரும், பத்து நாற்பது வரை இருக்கும். அதற்குமேல் பதினைந்து நிமிடம் காற்று கிடையாது. டிப்போவில் டிரைவர் டீ குடிக்க விடுகிற அதே பதினைந்து நிமிடம். ஒவ்வொரு திருத்தத்தையும் மனைவிக்கு வாசித்துக் காட்டுவார். அவள் முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். பகல் பதினோரு மணிக்கும் அவள் தலைக்குமேல் விளக்கு எரியும், ஜன்னலில் வெளிச்சத்துக்குப் பதில் படகு இருப்பதால்.

“கரைக்காத்து, ஏழே கால்” என்று வாசிப்பார்.

“அதுகிட்ட சொல்லியாச்சா?” என்பாள், ஊசிக்காதில் நூலைத் தேடியபடி.

“பாயை இழுக்கிற கயிறு வலது கையில. சுக்கானைக் காத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளணும்.”

“போன திருத்தத்துல காத்துப் பக்கம்னீங்க.”

புரட்டிப் பார்ப்பார். அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். பதினாறு திருத்தமும் அவள் காதில் ஏறியிருந்தன. பாயின் கிழிசல்களையும் மூன்று முறை அவள்தான் தைத்தாள், தைத்த இடம் தெரியாமல்.

ஆயத்தங்களில் அவரிடம் குறை சொல்ல முடியாது. முடிச்சுப் பழகுவதற்கு நாற்காலிக் கால்களை மேஜைக் கால்களோடு கட்டி வைப்பார். விருந்தாளி வந்து நாற்காலியை இழுத்தால் மேஜையும் கூட வரும். உடம்புக்குப் பழக வேண்டும் என்று ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு டிவி பார்ப்பார். அதன் தோள்பட்டையில் ஆபத்துக்கு ஊத ஒரு விசில் தொங்கும். நீச்சல் தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்பார். புத்தகத்தில் படித்து, பெஞ்சில் குப்புறப் படுத்துக் கைகாலை அசைத்துக் கற்றுக்கொண்டது. தண்ணீரில் செய்து பார்த்ததில்லை. மனைவி ஆற்றோரத்து ஊர்க்காரி, மீன் மாதிரி நீந்துவாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அதை யாரும் கேட்கவில்லை.

அட்டவணையின் கடைசிப் பக்கத்தில் டிப்போ நோட்டைப் போலவே நான்கு பத்தி. வருடத்துக்கு ஒரு வரி. புறப்பட்ட நேரம் என்ற பத்தியில் எட்டு வருடமும் ‘ரத்து’ என்று எழுதியிருந்தது. காரணப் பத்தியைத்தான் படிக்க வேண்டும். முதல் வருடம்: அச்சில் கிரீஸ் போதாது. இரண்டாம் வருடம்: மழை வரும்போல் இருந்தது. மூன்றாம் வருடம்: மழை வராததே சந்தேகமாக இருந்தது. நான்காம் வருடம்: மச்சினனுக்கு முதுகுப்பிடிப்பு. ஐந்தாம் வருடம்: மேற்படி மச்சினன் தேறிவிட்டார், எனினும் முன்னெச்சரிக்கை.

இந்த வருடம் தெருமுனைப் பாலர் பள்ளி டீச்சர் குறுக்கே வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு டேப்போடு வந்து படகைச் சுற்றி நடந்தார். இவர் மேலே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் இவரையும் சேர்த்து அளக்கிற மாதிரி டேப்பை நீட்டினார்.

“என்ன டீச்சர் அளக்கிறீங்க?”

“மணல் தொட்டிக்குத்தான் சார். பிள்ளைங்க விளையாட. அம்மா சொல்லலையா? இந்தக் கம்பத்தை மட்டும் அறுத்துட்டா ஊஞ்சலுக்கும் ஆகும்.”

டீ டம்ளரோடு இறங்கி உள்ளே போனார். மனைவி மெஷினை நிறுத்தவில்லை.

“மணல் தொட்டியா?”

“ஆமா. வந்து கேட்டாங்க, சரின்னேன். மாசக் கடைசி வரைக்கும் டைம் கேட்டிருக்கேன் உங்களுக்காக. ஒண்ணு அது தண்ணியில இறங்கணும், இல்ல மணல்ல இறங்கணும். எனக்கு ஜன்னல் வேணும்.”

“பதினேழாம் திருத்தம் முடியட்டுமே.”

“எனக்குக் கண்ணு முடிஞ்சிடும்போல இருக்குங்க. நூல் கோக்க முடியல.”

அன்று அவர் சாப்பிடும்போது எதையும் வாசிக்கவில்லை. மறுநாள் கூண்டில் ஒரு பஸ்ஸை நேரம் மாற்றி எழுதி அடித்தார். டிப்போ அதைப் பற்றி ஒரு வாரம் பேசியது. அந்தக் கம்பத்தை அறுக்கிற ரம்பத்தின் சத்தம் அவர் காதில் கேட்கத் தொடங்கியிருக்க வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு, புறப்பாடு ஆறு பத்து என்று மச்சினனுக்குச் சொல்லியனுப்பினார். மச்சினன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எதற்கும் ஒருதடவை கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்.

“நெசமாவா மாமா?”

“புறப்பாடுன்னா புறப்பாடு, மாப்ள.”

“இல்ல, வேன்ல ரெண்டு ஃப்ரிட்ஜ் கிடக்குது. இறக்கி வைக்கணுமான்னு கேட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வலது சக்கரத்தை மாற்றினார். ஆறு பத்துக்குப் படகு வாசலைவிட்டு நகர்ந்தது. தெரு முழுக்க வாசலில் நின்றது. படகு நின்ற இடத்தில் பதினைந்து அடி நீளத்துக்கு வெளுத்த புல். ஒன்பது வருடத்துக்குப் பிறகு முன்னறைக்குள் வெயில் போய்த் தையல் மெஷின்மேல் உட்கார்ந்தது. மனைவி வாசற்படியில் நின்று அதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கைப்பையோடு வந்து வேனில் ஏறினாள்.

“நீ எதுக்கு? அட்டவணையில நீ இல்லையே.”

“வழியனுப்ப வர்றேன். அதுக்கும் திருத்தம் போடணுமா?”

கழிமுகத்தில் தண்ணீருக்குள் இறங்குகிற சிமெண்டுச் சரிவு. தண்ணீர் அசையாமல் கிடந்தது, இடுப்பளவுதான். பாய்மரத்தை நிமிர்த்திக் கட்டினார்கள். அவர் தன் மிதவைச் சட்டையை இறுக்கி, மச்சினனுக்கும் அதே மாதிரி ஒன்றை மாட்டிவிட்டு, அட்டவணையையும் சாமான் பட்டியலையும் ஓர் அட்டையில் செருகிக் கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். இருநூற்றுப் பதினான்கு சாமான். முதல் சாமான்: அடித்தக்கை. படகின் அடியில் மழைத்தண்ணீர் வடிய ஒரு ஓட்டை உண்டு. இறக்குவதற்கு முன் அதைத் தக்கையால் அடைக்க வேண்டும். குனிந்து பார்த்தார். ஓட்டை இருந்தது. தக்கை இல்லை. டப்பாக்களைத் திறந்தார், பைகளைக் கவிழ்த்தார். எங்கும் இல்லை.

நிமிர்ந்தபோது அவர் முகம் வாடியிருக்கும் என்று மச்சினன் நினைத்தார். அது தெளிந்திருந்தது, பரீட்சை ஒத்திப்போனதாகக் கேள்விப்பட்ட பையனின் முகம் மாதிரி.

“தக்கை இல்லாம இறக்கக் கூடாது மாப்ள. இறக்கினா உள்ள தண்ணி ஏறிடும். விதி” என்று சொல்லிக்கொண்டே அட்டவணையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, காரணப் பத்தியில் ‘தக்’ வரை எழுதிவிட்டார்.

மனைவி கைப்பையைத் திறந்தாள். கைத்துண்டைப் பிரித்தாள். உள்ளே பித்தளை வளையம் போட்ட கறுப்பு ரப்பர்த் தக்கை, பாத்திரம் கழுவுகிற சோப்பு வாசனையோடு.

“சமையலறை சிங்க்ல இருந்துச்சு.”

“எத்தனை நாளா?”

“ஒம்பது வருஷமா. பத்திரமா வையின்னு நீங்கதானே குடுத்தீங்க. புழங்கினாத்தானே பத்திரம்? கச்சிதமாப் பொருந்துச்சு.”

ஒன்பது வருடமாகத் தினமும் கை கழுவிய சிங்க். ‘தக்’ என்று எழுதியதை அடிக்க வேண்டியதாயிற்று.

மச்சினன் வேனைப் பின்னுக்கு விட்டார். ட்ரெய்லர் தண்ணீருக்குள் போயிற்று, படகு மெல்லத் தூக்கிக்கொண்டு மிதந்தது. வேன் மேலே ஏறியது. அவர் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, படகின் மூக்குக் கயிற்றை வலது கையில் பிடித்துக்கொண்டார். மச்சினன் இறங்கி வந்து பாயை ஏற்றினார். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

“காத்து வந்துடுச்சு மாமா. ஏறுங்க.”

கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நாலு. “ஏழே காலுக்குத்தான்.”

“வந்துடுச்சே. பாயைப் பாருங்க.”

“சீக்கிரம் வந்திருக்கு. அது தப்பு பண்ணினா நாமும் பண்ணணுமா? பதினொரு நிமிஷம் இருக்கு.”

மச்சினன் அக்காவைப் பார்த்தார். அக்கா செருப்பைக் கழற்றிச் சரிவில் வைத்தாள். தம்பியின் மிதவைச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

“உள்ள தண்ணி வருதான்னு பார்க்கிறேன்” என்று படகில் ஏறினாள். பின்பலகையில் உட்கார்ந்து சுக்கான் கட்டையை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டாள், ஒன்பது வருடம் தினமும் ஜன்னல் வழியே பார்த்தது போலவே. பாயை இழுக்கிற கயிறு வலது கைக்கு வந்தது. எதிரே சுவர் எதுவும் இல்லை.

“வருதா?” என்றார் அவர்.

“ஒரு சொட்டு வரல.”

“அப்ப இறங்கு. நேரமாகுது.”

“இன்னும் இருக்குன்னீங்களே.”

“அதுக்குன்னு அங்கேயே உட்காரணுமா? நான் ஏற வேண்டாமா?”

“ஏறுங்களேன். யார் வேண்டாம்னா?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள், அடித்துக்கொள்ளும் பாயைப் பார்த்தாள். பிறகு தோள்பட்டையில் தொங்கிய விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினாள்.

இரண்டாவது விசில் அடங்குவதற்குள் அவர் வலது கை சட்டைப்பைக்குப் போயிருந்தது. கயிறு தண்ணீரில் விழுந்து, ஒருமுறை நெளிந்து, படகோடு போயிற்று. அவள் பாயை இழுத்தாள், சுக்கானைத் தள்ளினாள். பாய் படபடப்பை நிறுத்திப் புடைத்துக்கொண்டது.

“மாமா, கயிறு” என்றார் மச்சினன்.

அவர் கழுத்து அட்டையை நிமிர்த்தி, புறப்பட்ட நேரம் என்ற பத்தியில் 7.08 என்று எழுதினார். வித்தியாசம் என்ற பத்தியில், ஏழு நிமிடம் முன்னதாக. காரணம் என்ற கட்டத்தில் பேனா முனையை வைத்தார். தலையை நிமிர்த்திப் படகைப் பார்த்தார். மறுபடி கட்டத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.