நாற்பது வோல்ட்டைத் தாண்டாத கருவி

எங்கள் கல்லூரி இயற்பியல் லேபில் ஒரு கருவி இருக்கிறது. அணு தன் இஷ்டத்துக்கு ஆற்றலை வாங்காது, படிப்படியாகத்தான் வாங்கும் என்று காட்டுவதற்கானது. உள்ளே ஆர்கான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய், முன்பக்கம் இரண்டு மீட்டர், ஒரு குமிழ். வோல்ட்டை ஏற்ற ஏற்ற கரண்ட் ஏறும், ஓரிடத்தில் விழும், மறுபடி ஏறும். கிராஃபில் போட்டால் மேடும் பள்ளமுமாக வரும். பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கும் பெயரே ‘மேடு பள்ளம்’தான். எண்பது வோல்ட் வரை போனால் ஐந்தாறு மேடு பார்க்கலாம். எங்களுடையது கொஞ்ச காலமாக நாற்பதைத் தாண்டுவதில்லை. இரண்டு மேட்டோடு சரி.

எங்கள் ஊர் விருத்தாசலத்தில் தெருவுக்குத் தெரு பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்கிறார்கள். இந்தக் கருவியைப் பழுது பார்க்கத்தான் ஆள் இல்லை. கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துவிட்டது. “இருக்கறத வெச்சு ஓட்டுங்க மேடம்” என்பார்கள் ஆபீஸில். ஓட்டுகிறேன். தேர்வுக்கு இத்தனை சோதனைகள் இருந்தாக வேண்டும் என்பதால் இதையும் நீக்க முடியவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும், “மெஷின்ல என்ன வருதோ அத மட்டும் எழுதுங்க” என்பேன். யார் கேட்கிறார்கள்? சீனியரின் ரெக்கார்டிலிருந்து எண்பது வோல்ட் வரை நெட்டுரு போட்டுக்கொண்டு வந்து, மீட்டரைப் பார்ப்பதுபோல் பார்த்து எழுதிவிட்டுப் போவார்கள். திட்டித் திட்டி ஓய்ந்துபோனேன்.

இந்த வருடம் பிராக்டிகல் தேர்வின் இரண்டாம் நாள், சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணுக்குச் சீட்டு குலுக்கியதில் ‘மேடு பள்ளம்’ விழுந்தது. தியரியில் சுமார்தான். எம்.எஸ்சி. சீட்டுக்கு இந்த மார்க்கைத்தான் நம்பியிருந்தாள். சாயங்காலம் பேப்பர் திருத்தும்போது, வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அவள் கிராஃபைத் தூக்கிக் காட்டினார்.

“என்னங்க மேடம், ரெண்டு மேட்டோட நிறுத்திடுச்சு? நேத்து பையன் ஆறு மேடு அழகா போட்டிருந்தான். இதுக்கு பாதி மார்க்குதான்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாள் முழுக்க நின்ற கால் வேறு கடுத்தது.

“எழுந்து வாங்க சார். நீங்களே திருகிப் பாருங்க.”

சுவிட்சைப் போட்டுக் குழாயைச் சூடாக்கினேன். அவர் குமிழைக் கடைசிவரை திருகினார். மீட்டர் நாற்பதில் நின்றது. மறுபடி திருகினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“அப்ப நேத்து பையன் எழுதனது?”

“மனப்பாடம். அந்தப் பேப்பர நீங்கதான திருத்துனீங்க.”

“அவனுக்கு முழு மார்க்கு போட்டு ஆன்லைன்ல ஏத்தியாச்சே மேடம். இனிமே தோண்டுனா நீங்களும் நானும் பதில் சொல்லணும். இந்தப் பொண்ணுக்கும் அதையே போட்டுடலாம், விடுங்க.”

விட்டேன். அவள் எம்.எஸ்சி. சீட்டு பிழைத்ததே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவள் வராந்தாவில் காத்திருந்தாள். பக்கத்து மேஜையில் இருந்த எவளோ, இரண்டு மேடுதானா என்று பயமுறுத்தியிருக்கிறாள்.

“மேம், ஃபெயிலாயிடுவனா?”

இந்த நேரத்தில் சொல்லக்கூடாதுதான். அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், “முழு மார்க்குமா, யாருகிட்டயும் சொல்லாத” என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பையைத் தோளில் மாட்டியவள் நின்று திரும்பினாள்.

“நேத்து எழுதன பையனுக்கு மேம்?”

“அவனுக்கும்தான்.”

“நீங்க வர்றத எழுதுன்னீங்க. எழுதனேன். அப்ப ரெண்டும் ஒண்ணுதானுங்களா மேம்?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மார்க்கில் ஒன்றாகத்தானே போட்டிருந்தோம்.

“பஸ்ஸு போயிடும், கெளம்பும்மா” என்றேன்.