நாலு ஷாக் அப்சார்பரும் ஒரு எலுமிச்சம்பழமும்

ரிமோட் காருக்கு ஷாக் அப்சார்பர் பார்க்கிறவன் என்று சொன்னால் எந்த ஊரிலும் பெண் கொடுக்க மாட்டார்கள். எனக்குக் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து என் மாமனார் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் என் கடை. மிக்ஸி, மோட்டார், செல்போன் என்று எதையாவது பிரித்து மாட்டிப் பிழைக்கும் என் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பொருளும் தானாகக் கெடுவதில்லை. வாங்கியவர் பாடுபட்டுக் கெடுத்தால்தான் கெடும்.

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மச்சான்மார்கள் அனுப்பும் ரிமோட் கார்கள்தான் என் கடைக்கு அதிகம் வருபவை. முழங்கை நீளம் இருக்கும், மேட்டில் ஏறிக் குதிக்கும். குதிக்கும்போது உதறாமல் இருக்கச் சக்கரத்துக்கு ஒன்றாக நாலு ஷாக் அப்சார்பர். விரல் பருமனில் ஒரு குழாய், உள்ளே சிலிக்கான் எண்ணெய், அதில் ஏறி இறங்க ஒரு கம்பி, வெளியே ஸ்பிரிங். அவ்வளவுதான் சமாச்சாரம். இந்த நாலு குழாய்தான் என் தலையெழுத்தை முடிவு பண்ணுவதாக இருந்தது.

மாமனாருக்குக் குன்னத்தில் மக்காச்சோள மண்டி. போன ஐப்பசியில் கடைக்கே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "பொங்கலுக்கு அரியலூர்ல ரிமோட் கார் பந்தயம் வெக்கிறாங்களாமே. நீங்க பார்த்த வண்டி ஒண்ணே ஒண்ணு, நாலு ஷாக்கும் உருப்படியா இருந்து முழுசா ஓடி முடிக்கட்டும். நான் வாயே தொறக்கல. இல்லேன்னா கடைச்சாவியைக் குடுத்துட்டு மண்டிக்கு வந்துடுங்க மாப்ள."

மண்டித் தூசி பட்டால் எனக்குத் தும்மல் நிற்காது. அதுகூடப் பரவாயில்லை. இங்கே நான் முதலாளி. அங்கே போனால் மாமனார் கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிற கணக்குப்பிள்ளை. எனக்கு என் கடைதான் உயிர். சரி என்றேன். என் வாடிக்கையாளர்களை நம்பிச் சொன்னேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் வரும் முறுக்கு

கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர் ராஜமாணிக்கம் அண்ணன். அவர் வண்டிக்கு விசித்திரமான நோய். காலையில் ஷாக் இறங்காது, கட்டையாக நிற்கும். டவுன் பஸ் பிடித்து, மாறி, என் கடைக்கு வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். வண்டி சொன்னபடி கேட்கும். கம்பி வளைந்திருக்கிறதா, ஸ்பிரிங் மாறியிருக்கிறதா, மூடியை அதிகமாக முறுக்கிவிட்டாரா, எல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை. "ஏதாச்சும் காத்து கருப்பு அடிச்சிருக்குமோ?" என்று அவரே சந்தேகப்பட்டார்.

கடைசியில் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். மறுநாள் மார்கழிக் குளிரில், கடை திறந்ததும் மூடியைக் கழற்றினால், உள்ளே வெள்ளை வெளேரென்று வெண்ணெய் மாதிரி உறைந்து கிடக்கிறது. தேங்காயெண்ணெய்! வழித்தெடுத்துவிட்டுச் சிலிக்கான் எண்ணெய் ஊற்றி, அவரைப் போனில் பிடித்துக் கத்தினேன். அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை.

"நம்ம செக்குல ஆட்டுனது தம்பி, கலப்படமே கெடையாது. நீ ஊத்துறியே ஒரு எண்ணெய், அதுல ஒரு வாசனையாவது இருக்கா?"

எறும்பு கொடுத்த சான்றிதழ்

எறையூரில் கரும்பு டிராக்டர் ஓட்டும் சேகருக்கு எண்ணெய்க் கசிவு. கம்பியில் புழுதி ஒட்டி, குழாயின் அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை அறுத்துவிட்டது. இது சாதாரண விஷயம். வளையம் மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் கம்பியை மெதுவாக ஏற்றி இறக்கிக் கொடுத்தேன். "மண்ணுல ஓட்டுனா துணியால தொடைச்சு வைங்க, வேற ஒண்ணும் பண்ணாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அந்த வண்டி மறுபடி என் மேஜைக்கு வந்தது. பின்னாலேயே எறும்பும் வந்தது. ஷாக்கைச் சுற்றி மொய்த்து, மேஜைக்காலில் இறங்கி, என் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விட்டது. மூடியைத் திறந்தால் வெல்லப்பாகு. எண்ணெய் கெட்டியாக இருந்தால் கசியாது என்று யாரோ யூடியூபில் சொன்னார்களாம். கையில் இருக்கிறதிலேயே கெட்டியானது எதுவென்று யோசித்திருக்கிறார். நான் தலையில் அடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கழுவி மறுபடி எண்ணெய் ஊற்றினேன். சேகருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எறும்பு மொய்க்குதுன்னா அது சுத்தமான பாகு சார். உங்க எண்ணெயை ஒரு எறும்பாச்சும் எட்டிப் பார்க்குமா?"

ஆடக் கூடாத வண்டி

அரியலூரில் லாரி வைத்திருக்கும் பாஸ்கரனுக்கு என் தொழிலின் அடிப்படையே பிடிக்கவில்லை. "கையை வெச்சு அமுக்குனா எறங்குது பாரு, ஷாக் வீக்கு" என்றார். இறங்குவதற்குத்தான் ஐயா அதை வைத்திருக்கிறான் என்றேன். ஏற்றுக்கொள்ளவில்லை. காரின் முதுகில் ஒரு செங்கல்லை வைத்து லோடு தாங்குகிறதா என்று பார்த்து, நாலு கம்பியையும் வளைத்துக்கொண்டு வந்திருந்தார். நான் மாற்றிக் கொடுத்ததும் வீட்டுக்குப் போய், பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஸ்பிரிங்குகளுக்கு நடுவே திணித்து, அசையவே முடியாமல் பண்ணிவிட்டார்.

அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இனி தொடாதீர்கள், பொங்கல் வரைக்குமாவது தொடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"எங்க ரோட்டுல லாரியே எம்பி எம்பி விழுது, உன் பொம்மைக் காரு மட்டும் மெத்தையில போவணுமா?"

குங்குமம் வைத்த மூடி

கஸ்தூரி டீச்சர் எல்.கே.ஜி.க்குப் பாடம் எடுப்பவர். அவருடைய வீட்டுக்காரர் குவைத்திலிருந்து அனுப்பிய கார். புது வண்டியென்றால் பூஜை போட வேண்டாமா? மாலை போட்டு, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் நாலு முழு எலுமிச்சம்பழம் வைத்து ரிமோட்டை அழுத்தியிருக்கிறார். சக்கரம் இருப்பதே ஆரஞ்சுப்பழ அளவு. வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கவில்லை. அதன் மேல் ஏறி, குட்டிக்கரணம் அடித்து, ஒரு ஷாக்கைப் பிடுங்கிக்கொண்டு குப்புற விழுந்தது.

சரி பண்ணிக் கொடுத்தேன். வாங்கிய கையோடு என் கடையிலேயே பர்ஸைத் திறந்து, நாலு ஷாக் மூடியிலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். திறந்து உள்ளே பார்க்க ஆசைப்படாதீர்கள் என்று வழக்கம்போல எச்சரித்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"குங்குமம் வெச்ச எடத்துல யாராச்சும் ஸ்பேனர் வெப்பாங்களா தம்பி? சாமி குத்தம் ஆயிடாது?"

அரியலூரில் என் வழக்கு

பொங்கலுக்கு மறுநாள் காலை, பனி விலகாத நேரம். மாமனார் வெள்ளை வேட்டியில் முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடைச்சாவி என் சட்டைப்பையில் கனத்தது. பக்கத்தில் சுமதி. "தும்மல் மாத்திரை வாங்கி வெச்சிருக்கேன்" என்றாள். கட்டிய மனைவிக்கே என் மேல் இவ்வளவுதான் நம்பிக்கை.

என் வாடிக்கையாளர்கள் நாலு பேரும் வண்டியோடு வந்திருந்தார்கள். கொடி அசைந்தது. முதல் மேட்டிலேயே ராஜமாணிக்கம் அண்ணன் வண்டி விறைத்து விழுந்து உருண்டது. ஓடிப் போய் எடுத்து முகர்ந்தேன். செக்கு எண்ணெய் கமகமவென்று மணத்தது. மாமனார் திரும்பி என்னைப் பார்த்தார். சேகர் வண்டி, இறங்கின ஷாக் பாகில் ஒட்டிக்கொண்டு மறுபடி ஏறாமல், தரையோடு தரையாக அரைத்துக்கொண்டு நின்றது. மாமனார் பார்த்தார். பாஸ்கரன் வண்டி எம்பிய வேகத்தில் மைக்செட் பெட்டியில் மோதியது. உள்ளேயிருந்து சைக்கிள் டியூப் எட்டிப் பார்த்தது. மாமனார் பார்ப்பதற்குள் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேன். அடப்பாவிகளா, ஒருத்தராவது கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா! சாவியை வெளியே எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் கஸ்தூரி டீச்சர் வண்டி வந்தது. எல்லோருக்கும் கடைசியாக, பிள்ளைகளை வரிசையில் கூட்டிப்போகிற வேகத்தில், ஒவ்வொரு மேடாக ஏறி, அழகாக அமுங்கி இறங்கி, கோட்டைத் தாண்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மாமனார் எழுந்து போய், சோளத்தை அமுக்கிப் பதம் பார்ப்பது போல நாலு ஷாக்கையும் விரலால் அமுக்கிப் பார்த்தார். நாலும் பழுதில்லை. மூடியில் இருந்த குங்குமத்தில் விரல் நின்றது. "பூஜை போட்டீங்களாம்மா?" என்றார். "எலுமிச்சம்பழமே வெச்சேங்க" என்றார் டீச்சர், பெருமையாக.

"மாமா, குங்குமம் இருந்ததால யாரும் அதைத் திறக்கல, திறக்காததால என் ரிப்பேர் அப்படியே..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். என் கையிலிருந்த சாவியை வாங்கி என் சட்டைப்பையிலேயே திரும்பப் போட்டார்.

"கடை இருக்கட்டும் மாப்ள. ஒரு எலுமிச்சம்பழத்துல முடியிற வேலைக்கு, இத்தனை நாளா ஸ்பேனரை வெச்சுக்கிட்டு என்னதான் பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் குன்னத்திலிருந்து எலுமிச்சம்பழம் வந்துவிடுகிறது, நானும் ரிப்பேர் முடிந்த ஒவ்வொரு ஷாக் மூடியிலும் என் கையாலேயே குங்குமம் வைத்து அனுப்புகிறேன், ஒரு வண்டிகூடத் திரும்பி வராமல் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.