சாணுக்குள் அடங்காத கடை

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ரொஷேல் முன்னிருக்கையின் முதுகைச் சாணால் அளப்பாள். பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரிப் பார்த்தால், "குறை நினைக்காதேங்கோ, பழக்கதோசம்" என்பாள். கொட்டாஞ்சேனை வீட்டில் குளியலறைக் கதவு, சோற்றுப் பானை, அப்பா பிறெடியின் வயிறு, ஒன்றும் அவள் கைக்குத் தப்பியதில்லை. தன் ஒரு சாண் எட்டேகால் அங்குலம் என்பது அவளுக்கு அடையாள அட்டை இலக்கம் போல மனப்பாடம்.

அப்பேர்ப்பட்டவளை ஒரு பத்தடிக் கடை மூன்று வாரமாக ஆட்டிப் படைக்கிறது. கட்டடக்கலை மூன்றாம் வருடம். சிறிய கடையொன்றின் உட்புறத்தை வடிவமைத்துக் காட்ட வேண்டும். போன முறை இதே பாடத்தில் விழுந்துவிட்டாள். இம்முறையும் விழுந்தால் அந்த வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. 

கடை வெள்ளவத்தையில், சிவக்கொழுந்து அன்ரியுடையது. சேலைக்குப் பொருத்தமான பிளவுஸ் துணி விற்கிற இடம். நானூறு நிறம், ஒரு மேசை, ஒரு மின்விசிறி. ரொஷேல் வரைபடத்தில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டாள், ஏசி வைத்தாள், வரிசையாக விளக்குகளைத் தொங்கவிட்டாள். அன்ரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா சனம் துணியைக் கொண்டு எங்கால வெளிய போறது?"

"ஏன் அன்ரி வெளிய போகோணும்? உள்ளுக்கே நல்ல லைட் போட்டிருக்கிறன்."

"லைட்டில பாத்து ஆர் நிறம் எடுக்கிறது?"

அன்று கடை முக்காலியில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாள். வந்த பதினொரு பேரில் ஒன்பது பேர் துணி ரோலைத் தூக்கிக்கொண்டு காலி நகருக்குப் போகும் பெருவீதிக்கு இறங்கி, சேலையோடு சேர்த்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். விரிவுரையாளரோ, வாடிக்கையாளரை வெளியே போகவிடாமல் வைத்திருப்பதுதான் நல்ல கடை என்று அடித்துச் சொல்லியிருந்தார். யார் பேச்சைக் கேட்பது? தாளில் மேசையைக் கதவடிக்கு இழுத்தாள், வழி அடைபட்டது. பின்னால் தள்ளினாள், சனம் நடக்கும் தூரம் கூடிப்போனது. நான்கு தாள்கள் கிழிந்ததுதான் மிச்சம்.

"எனக்கு ஒண்டுமே விளங்கேல்ல அன்ரி" என்றாள், அழுகை முட்ட. அன்ரி பாலில்லாத பிளேன்ரீயை நீட்டினார்.

சமர்ப்பிக்க இன்னும் இரண்டே நாள். சுவருக்கு நிறத்தையாவது முடிவு செய்வோம் என்று இரண்டு பெயின்ற் அட்டைகளை எடுத்தாள். கடை விளக்கடியில் இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தன. எரிச்சலோடு எழுந்து, துணி பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை விலக்கிக்கொண்டு படியிறங்கி, அட்டைகளை வெயிலில் பிடித்தாள். ஒன்று சந்தன நிறம், மற்றதில் பச்சை கலந்திருந்தது.

"பாத்தியே!" என்றார் அன்ரி உள்ளிருந்து.

ரொஷேல் அட்டைகளைப் பல்லில் கவ்விக்கொண்டு நடைபாதையில் குந்தினாள். போவோர் வருவோர் விலகி நடக்க, கடைப்படியிலிருந்து வெயில் விழுந்த இடம் வரை சாண் சாணாக அளக்கத் தொடங்கினாள்.