சீல் குட்டிக்கு அறுபத்து மூன்று, சின்னப்பொண்ணுக்குப் பதினொன்று

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் ஃப்ளாட் நிவேதா வந்து காலிங் பெல்லை அழுத்தினாள். கையில் போன். "ஆன்ட்டி, ஒரே ஒரு கையெழுத்து. விரலால தொட்டா போதும்."

வாங்கிப் பார்த்தேன். பனிக்கட்டி மேல் வெள்ளை வெளேரென்று ஒரு சீல் குட்டி. கறுப்புக் கண்ணில் தண்ணீர் முட்டி நிற்கிறது. சீல் வேட்டையை அடியோடு தடை செய்யச் சொல்லி மனு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே குட்டி... இதே பார்வை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்தது. இத்தனை வருஷத்தில் எனக்குத் தலை நரைத்து, மூட்டு தேய்ந்து, பென்ஷனும் வந்தாயிற்று. அந்தக் குட்டி மட்டும் வளரவே இல்லை.

"நான் போட மாட்டேம்மா" என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. "நீங்க ஸுவாலஜி டீச்சர்தானே ஆன்ட்டி?"

அதனால்தான் போட மாட்டேன் என்றால் நம்புவாளா? உட்கார வைத்து, மோர் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அப்போது திருக்கோவிலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. மெட்ராஸில் ஒரு பிராணிகள் நல மன்றம் சீல் வேட்டைக்கு எதிராக எங்கோ குளிர் தேசத்துப் பிரதமருக்கு மனு அனுப்பக் கிளம்பியிருந்தது. நூறு கையெழுத்து வாங்கி வருகிறவர்களுக்கு மாநாட்டு மேடையில் ஐந்து நிமிஷம் பேச்சு. மேடை என்றால் அந்த வயசில் எனக்குப் பசி தூக்கம் தெரியாது. இங்கிலீஷ் பத்திரிகையில் வந்த படத்தை எடுத்து நீட்டினால் போதும், ஸ்டாஃப் ரூமே கண் கலங்கும். தமிழ் ஐயாவிலிருந்து தபால்காரர் வரை அறுபத்து மூன்று பேர் போட்டுவிட்டார்கள். பாக்கி முப்பத்தேழு.

அந்தச் சமயம் பார்த்து வெள்ளிமலைப் பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். போனேன். மறுநாள் இறங்குவதற்கு பஸ் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம்... கீழே ரோடு நெடுக மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், ஒரு வாரத்துக்கு ஒரு வண்டியும் ஓடாது என்று கடைசியாக மேலே வந்த ஜீப்காரர் சொன்னார்.

நான் திட்டாத திட்டு இல்லை. ரோட்டை மறித்தால் யாருக்கு என்ன லாபம்? என்னைப் போல மாட்டிக்கொண்ட ஏழெட்டுப் பேரும் சேர்ந்து பஸ் ஸ்டாப்பில் அரை நாள் இதே பாட்டைப் பாடினோம்.

அந்தப் பள்ளியில் சத்துணவு சமைக்கிற சின்னப்பொண்ணுக்கு என் வயசுதான். "எங்க வூட்ல வந்து தங்கிக்கங்க டீச்சர்" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வழியில் கேட்டாள்: "மரத்தை வெட்டிப் போட்டவங்க இன்னா கேக்கறாங்க டீச்சர்?"

"படிப்புல, வேலைல பங்கு கேக்கறாங்க."

"சும்மா கேட்டப்ப குடுக்கலியா?"

அரை நாள் திட்டியவர்களில் ஒருத்தருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் வீட்டுக்குப் பின்னால் சாமை வயல். கதிர் முற்றிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு ஓரம் முழுக்கக் குப்புறக் கிளறிப் போட்டிருந்தது. காட்டுப்பன்றி. முன்பெல்லாம் அவள் வீட்டுக்காரர் அண்ணாமலை வலை கட்டிப் பிடிப்பாராம். சாமைக்கும் காவல், வீட்டுக்கும் கறி. அந்த வருஷம் பிடிபட்டுவிட்டார். வலை போச்சு. திங்கட்கிழமை தோறும் மலை இறங்கி வனத்துறை ஆபீசில் கையெழுத்து போட வேண்டும்.

"வருஷத்துக்கும் எங்க சோறு இதான் டீச்சர்" என்றாள் சின்னப்பொண்ணு. "அறுக்கறதுக்குள்ள பாதி கூட மிஞ்சாது போல கீது."

இதைக் கேட்டுக்கொண்டே, கூசாமல், பையிலிருந்து என் மனுவை எடுத்தேன். பாருங்கள் என் புத்தியை.

"எங்க வூட்ல கையெழுத்துன்னா அது திங்கக்கிழமை போடறதுதாங்க" என்று அண்ணாமலை சிரித்தார். ஆனாலும் நல்ல மனுஷன். சாயங்காலம் களத்தில் ஊரைக் கூட்டிவிட்டார். நாற்பது பேருக்கு மேல். படம் கை மாறிக் கை மாறிப் போயிற்று. "எம்மாம் அழகா கீது" என்று ஆளுக்கு ஆள் உச்சுக்கொட்டினார்கள். நான் மைப்பெட்டியைத் திறந்தேன்.

"இருங்க டீச்சர்" என்றாள் சின்னப்பொண்ணு. "இதைப் புடிக்கறவங்க இன்னா சொல்றாங்க?"

"அவங்க எப்படி இங்க வருவாங்க? அது உலகத்தோட அந்தக் கோடி."

அந்தச் சின்ன ஊரில் ஒரு வழக்கம். பஞ்சாயத்து என்றால் இரண்டு பக்கமும் பேச வேண்டும். ஒருத்தர் வர முடியாவிட்டால், அவரைப் பற்றி யாருக்கு ஜாஸ்தி தெரியுமோ அவர் எழுந்து அவருக்காகப் பேச வேண்டும். ஒப்புக்குப் பேசினால் விட மாட்டார்கள்.

சீல் வேட்டைக்காரர்களைப் பற்றி அந்த மலையில் யாருக்கு ஜாஸ்தி தெரியும்? களம் மொத்தமும் என்னைப் பார்த்தது.

வேறு வழியில்லாமல் பத்திரிகையைப் பிரித்தேன். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தி. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் அதைப் படித்தேன்.

"அங்க இன்னா வெளையும்?"

"ஒண்ணும் வெளையாது. கடலோரம் பூரா பனி."

"மீனு?"

"கடல் உறைஞ்சு கிடக்கிற மாசத்துல படகு போகாது."

"அப்ப சோறு?"

"சீல்தான். கறியைச் சாப்பிடுவாங்க, கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுப்பாங்க. தோலை வித்து மாவு, துணி, பிள்ளைங்களுக்கு மருந்து வாங்குவாங்க. இப்ப தோலை யாரும் வாங்கறது இல்லையாம்."

"ஏன்?"

"இந்தப் படத்தைப் பாத்துட்டு."

யாரும் உச்சுக்கொட்டவில்லை. எனக்குத்தான் என்னமோ ஏறிவிட்டது. "சீல் ஒண்ணும் அத்துப்போகலை, கூட்டம் கூட்டமா இருக்குன்னு இதுலயே போட்டிருக்கு. அவங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துத் தொழில். நேத்து கோழிக்குழம்பு சாப்பிட்டுட்டு இன்னைக்குக் கையெழுத்து போட்டவங்கதான் எங்க ஊர்ல அத்தனை பேரும். நானும்தான்" என்று மூச்சு வாங்கப் பேசினேன். அதற்குப் பிறகு நான் எத்தனையோ மேடை ஏறிவிட்டேன், அப்படி ஒரு பேச்சு வாய்க்கவில்லை. வழக்கில் ஜெயித்துவிட்டேன். என் மனு தள்ளுபடி.

"ஒண்ணு மட்டும்" என்றார் அண்ணாமலை. "பால் குடிக்கற குட்டி வலையில வுழுந்தா நாங்களே வுட்டுடுவோம். அதை எழுதுங்க, போடறோம்."

எழுதினேன். பால்குடிக் குட்டியை விட்டுவிடவும். மற்றபடி அது அந்தக் கடலோரத்து ஜனங்களின் சோறு, அவர்களைக் கேட்டு முடிவு செய்யவும். நாற்பத்தோரு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள்.

சின்னப்பொண்ணு கடைசி ஆள். வைப்பதற்கு முன்னால் ஒரு கண்டிஷன் போட்டாள். "உங்க மனுவுக்கு எங்க ஊரு போட்டுச்சு. எங்க சாமைக்கு ஒரு மனு எழுதி, உங்க ஊரைப் போடச் சொல்லுங்க டீச்சர்."

நியாயம்தானே? வலையைத் திருப்பித் தரவும், சாமையைக் காக்க வழி விடவும் என்று வனத்துறைக்கு எழுதினேன், அதற்கும் ஊரே கைநாட்டு வைத்தது. ரோடு திறந்ததும் இரண்டு மனுவோடு இறங்கினேன்.

மெட்ராஸ் மன்றம் வாசகம் மாறியிருக்கிறது, செல்லாது என்றுவிட்டது. மேடை போயிற்று. வருத்தம் இல்லை என்றால் பொய்.

சின்னப்பொண்ணு மனுவைத் தூக்கிக்கொண்டு அதே அறுபத்து மூன்று பேரிடம் போனேன். "பன்னி விவகாரம் நமக்கெதுக்கு டீச்சர்?" "கவர்மென்ட் விஷயம், வேண்டாம்." உலகத்தின் அந்தக் கோடிக்குக் கண் கலங்கிய தமிழ் ஐயா, கூப்பிடு தூரத்து மலைக்கு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "படம் ஏதாவது இருக்கா?"

படம் இல்லை. சின்னப்பொண்ணை யார் படம் எடுத்தார்கள்?

பதினொரு பேர் போட்டார்கள். அதோடு மலைக்காரர்களின் கைநாட்டையும் சேர்த்து அனுப்பினேன். வலை திரும்பி வரவில்லை. ஆனால் அண்ணாமலையின் திங்கட்கிழமைகளை நிறுத்தி, அறுப்பு முடிகிற வரை வெடி போட்டு விரட்டிக்கொள்ளலாம் என்று ஒரு காகிதம் வந்தது. மிச்சச் சாமை வீடு வந்து சேர்ந்தது.

அறுப்பு முடிந்த பத்தாம் நாள் வெள்ளிமலையிலிருந்து வந்த கண்டக்டர் ஒரு சாக்கைக் கொண்டுவந்து ஸ்டாஃப் ரூமில் இறக்கினார். உள்ளே பழைய சேலைத் துணியில் கட்டிய சின்னச் சின்ன முடிச்சுகள். கையெழுத்து போட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு படி சாமை. எண்ணிப் பதினொன்று.

தமிழ் ஐயா எட்டிப் பார்த்தார். "எனக்கு இல்லையா டீச்சர்?"

"உங்களுக்கு சீல் குட்டி அனுப்பும் ஐயா" என்றேன்.