இரண்டு ஒகோத்துகள்

அமோண்டி விடியற்காலையில் பிறந்தவள். அந்தப் பெயரைக் கேட்டாலே ஏரிக்கரை ஊரான கிசுமுவில் யாருக்கும் அது தெரிந்துவிடும். துணிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில் ஒன்பது வருடமாக அவள் பார்த்துவந்ததும் பெயர் வைக்கும் வேலைதான்.

ஏரியில் காற்று கிளம்பப் போகிறது என்றால் மீன்பிடிக் கரைகளில் இருக்கும் போன்களுக்கு முன்னதாகவே செய்தி அனுப்பும் மென்பொருள் அந்த அலுவலகத்துடையது. அதன் புதிய பதிப்பு ஒவ்வொன்றும் வெளியே போகும்போது அதற்கு ஒரு எண்ணும் ஒரு பெயரும் கட்டிவிட வேண்டும். டேக் என்பார்கள். எண் கணினிக்கு, பெயர் மனிதர்களுக்கு. வீட்டில் பிறந்த நேரம் பார்த்துப் பிள்ளைகளுக்கு வைப்பது போலத்தான் இங்கேயும். காலையில் போனது ஒகின்யி, மாலையில் போனது ஒதியாம்போ, கொட்டும் மழையில் போனது ஒகோத். அவசரத்தில் ஒரே நாளில் இரண்டு போய்விட்டால் இரட்டைப் பிள்ளைகளின் பெயர்.

பெயர் வைக்கும் உரிமை அமோண்டிக்கு மட்டும். அவளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. மேஜைமேல் ஒரு பழைய பட்டன் போன் கிடக்கும். புதிய பதிப்பிலிருந்து அதற்குச் செய்தி அனுப்பி, மணி தன் காதில் விழுந்த பிறகுதான் பெயர் வைப்பாள். வைத்ததும் நீல அட்டை நோட்டில் நாள், நேரம், வானம் எப்படி இருந்தது, மணி அடித்ததா என்று எழுதிவிடுவாள். சாவியை எங்கே வைத்தோம் என்று தினம் தேடுகிறவள், போன வருடம் எந்தச் செவ்வாய்க்கிழமை மேகம் மூடியிருந்தது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அலுவலகத்தில் அவளைக் கனவுக்காரி என்பார்கள். அவளும் இல்லை என்று சொன்னதில்லை.

அந்தச் செப்டம்பர் மாதம் அவளுக்குக் கனவு காண முடியாமல் போயிற்று.

ருசிங்காத் தீவில் அவளுடைய அக்கா அவினோவின் கணவர் ஒகேயோ ஒரு மதியம் வலை போடப் போனார். இரண்டு மணி பத்துக்கு, லேசான காற்று என்று வீட்டில் இருந்த எச்சரிக்கைப் போனுக்குச் செய்தி வந்தது. லேசுதானே என்று படகை எடுத்தார். இரண்டு மணி நாற்பதுக்குப் புயல் என்று அடுத்த செய்தி வந்திருக்க வேண்டும்; வந்திருந்தால் கரையிலிருந்தே கூவித் திருப்பியிருப்பார்கள். அது மூன்று மணி பத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் படகு கவிழ்ந்துவிட்டது. மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை தண்ணீரில் கிடந்தவரை வேறு படகுக்காரர்கள் இழுத்துப்போட்டார்கள். உயிர் தப்பியது, படகு தப்பவில்லை.

அவினோ அந்தப் போனை அணைத்து மாவு டின்னுக்குள் புதைத்தாள். அதைப் பார்த்து அந்தக் கரையில் எல்லாப் பெண்களும் தங்கள் வீட்டுப் போனை அணைத்துவிட்டார்கள். படகுகள் மட்டும் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தன, எச்சரிக்கை இல்லாமல்.

அமோண்டி அக்காவை அவளுடைய சொந்த எண்ணில் கூப்பிட்டாள். அக்கா ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"உன் பெட்டி பொய் சொல்லிச்சு. சரி. எந்த நாள்லேர்ந்து பொய் சொல்லுது? அதை மட்டும் சொல்லு. எத்தனை நாளா நாங்க அதை நம்பித் தண்ணில இறங்கினோம்னு எனக்குத் தெரியணும். அதைச் சொல்ற வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதே."

அதற்குப் பிறகு இருபது நாள். அமோண்டி அழைப்பாள், எதிர்முனையில் எடுக்க மாட்டார்கள். ஏப்ரலில் அம்மாவும் இறந்துவிட்ட பிறகு இவளுக்கென்று உலகத்தில் இருந்தது அந்த அக்கா ஒருத்திதான்.

முதலில் டவரைச் சந்தேகப்பட்டார்கள். டவர்க்காரர்கள் தங்கள் பக்கம் சுத்தம் என்று காட்டிவிட்டார்கள். அப்புறம்தான் அமோண்டி அந்த நாளின் இரண்டு செய்திகளையும் அதே வரிசையில் மேஜைப் போனுக்கு அனுப்பிப் பார்த்தாள். லேசான காற்றுக்கு மணி அடித்தது. புயலுக்கு அடிக்கவில்லை. கோளாறு தங்கள் வீட்டுக்குள்தான். ஆனால் எந்த நாளில் நுழைந்தது?

நோட்டைப் புரட்டினாள். புதியவற்றுக்கெல்லாம் ஒரே செய்தியோடு விட்டிருந்தாள்; கடைசியாக இரண்டு அனுப்பிப் பார்த்த நாள்: ஏப்ரல் பதினொன்று. ஒகோத். பெருமழை. 'இரண்டு செய்தி அனுப்பினேன், இரண்டு தடவை அடித்தது' என்று அவள் கையெழுத்தே இருந்தது. ஆக, ஒகோத் நல்லவன். அதற்குப் பிறகு இன்றுவரை இருநூற்று நாற்பது மாற்றங்கள் செய்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் தாவு தீர்ந்துவிடும். அந்தத் தொழிலில் அதற்கு ஒரு வழி உண்டு. நடுவில் இருக்கும் மாற்றத்தை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால் கோளாறு அதற்குப் பின்னால், கெட்டிருந்தால் அதிலோ அதற்கு முன்னாலோ. மிஞ்சிய பாதியை மறுபடியும் பாதியாக்க வேண்டும். எட்டுத் தடவையில் ஆள் அகப்பட்டுவிடும்.

"ஒகோத் நல்லதுதானாக்கா? நிச்சயமா?" என்று கேட்டான் பக்கத்து மேஜை ஒதுவோர். கெட்டிக்காரன், வாயாடி. ஆனால் இரண்டு நாளாக அவன் வாயிலிருந்து கிண்டலே வரவில்லை.

"நோட்டுல இருக்கு. என் காதால கேட்டது."

"அப்போ சரி," என்று அவன் பெருமூச்சு விட்டான். சுடச்சுடத் தேநீர் வாங்கிவந்து அவள் பக்கத்தில் வைத்தான். கூடவே எண்ணெயில் பொரித்த இரண்டு மண்டாசியும். கேட்காமலே அவன் எதுவும் வாங்கித் தருகிற ஆள் இல்லை. அமோண்டி அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

முதல் பாதி ஜூலை மாதத்தில் போய் விழுந்தது. அன்று விரிகுடா முழுக்க ஆகாயத்தாமரை மூடி, ஏரி இருந்த இடத்தில் பச்சை வயல் தெரிந்தது அவளுக்கு நினைவு வந்தது. இரண்டு செய்திகளையும் அனுப்பினாள். ஒரு மணிதான் அடித்தது. கெட்டது. இன்னும் பழையதுக்குப் போ.

ஜூன். மின்விசிறி நின்றுபோய் எல்லோரும் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்த வாரம். ஒரு மணி. மே மாதக் கடைசி. துக்கத்துக்கு மொட்டையடித்த தலையில் முடி முளைத்து, கண்ணாடியில் யாரோ பள்ளிக்கூடப் பையன் தெரிந்த நாள். ஒரு மணி. மே மாத நடு. ஊரிலிருந்து திரும்பிவந்து கணினி முன் உட்கார்ந்தவள் ஒரு எழுத்துக்கூடத் தட்டாமல் சாயங்காலம் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்த நாள். அன்றைக்கு மற்றவர்கள் செய்த மாற்றத்தின் பக்கத்தில் தேதி மட்டும் சின்னதாக இருந்தது. ஒரு மணி.

பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு அவள் எங்கே போய்க்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அம்மா செத்த வாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அதோடு, சொன்னால் வெட்கம், கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. இன்னும் இரண்டு பாதி போனால் அம்மா உயிரோடு இருக்கும் நாள் வந்துவிடும், கரையில் நின்றுகொண்டு கருவாட்டைப் புரட்டியபடி 'சாப்பிட்டியாடி' என்று கத்துவாள் என்று தோன்றியது. வெளியே வெயில் ஏரியின்மேல் படிந்து எல்லாம் வெள்ளையாகக் கரைந்துகொண்டிருந்தது. அவள் கை மட்டும் வேலை செய்தது.

எட்டாவது தடவையும் ஒரு மணிதான். கணினி குற்றவாளியைக் காட்டியது. ஒகோத்துக்கு அடுத்தபடியாகச் செய்த முதல் மாற்றம். அமோண்டி அதைத் திறந்து பார்த்தாள். ஒரு பொத்தானின் நிறத்தை நீலத்திலிருந்து பச்சையாக்கியிருந்தார்கள். அவ்வளவுதான்.

பொத்தானின் நிறம் மாறினால் புயல் செய்தி நின்றுபோகுமா? எட்டு வெட்டிலும் ஒன்றுகூட நல்லதாக வரவில்லை என்றால் தொடக்கமே கெட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஒகோத்தையே எடுத்து ஓட்டினாள். லேசான காற்றுக்கு அடித்தது. புயலுக்கு, பேச்சில்லை.

நோட்டைப் பார்த்தாள். 'இரண்டு தடவை அடித்தது.' தன் கையெழுத்து. தகரக் கூரையில் மழை இரைய, அந்த இரைச்சலை மீறி மணி அடித்தது, ஒன்று, அப்புறம் இன்னொன்று. இப்போதும் காதில் கேட்கிறது. ஆனால் மறுநாள்தான் அம்மா போன செய்தி வந்தது. முன்னும் பின்னும் குழம்பிப் பொய்யாக எழுதிவிட்டோமோ? கேட்காத மணியைக் கேட்டதாக எழுதி, அக்கா புருஷனைத் தண்ணீரில் தள்ளியது தானேதானோ?

சட்டென்று இழுப்பறையைத் திறந்தாள். திரையில் விரிசல் விழுந்த அவளுடைய பழைய மடிக்கணினி அங்கே கிடந்தது. ஊரிலிருந்து வந்த பிறகு புதியது கொடுத்தார்கள், அம்மா செய்தி வந்த நாளிலிருந்து இதை யாரும் தொடவில்லை. மின்சாரம் கொடுத்தாள். முனகிக்கொண்டு விழித்தது. அதில் ஒகோத் என்று தேடினாள்.

ஒவ்வொரு பதிப்புக்கும் கைரேகை மாதிரி எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வரி உண்டு. இரண்டு கணினிகளையும் அருகருகே வைத்தாள். பெயர் ஒன்றேதான், எண்ணும் ஒன்றேதான், கைரேகை மட்டும் வேறு.

பழைய ஒகோத்தை ஓட்டினாள். போன் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அடித்தது. அமோண்டி மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தான் பொய் எழுதவில்லை.

இரண்டு ஒகோத்துகளுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு மாற்றம், இரண்டே வரி. ஏப்ரல் பதினெட்டு, சனிக்கிழமை மதியம். பக்கத்தில் ஒதுவோரின் பெயர்.

அவள் கூப்பிடவே இல்லை. அவனே எழுந்துவந்து நின்றான்.

"ஒரே செய்தி ரெண்டு தடவை வருதுன்னு கரையில எல்லாரும் கத்தினாங்கக்கா. அதை நிறுத்தத்தான் எழுதினேன். அவசரத்துல செய்தியை ஒப்பிட மறந்துட்டு போன் நம்பரை மட்டும் ஒப்பிட்டிருக்கேன். ஒரு மணி நேரத்துக்குள்ள அதே நம்பருக்கு எது வந்தாலும் நிறுத்தி வெச்சிருக்கு."

"பிழை எல்லாருக்கும் வரும். ஒகோத் பேரை எதுக்குடா இதுக்குத் தூக்கிப் போட்டே?"

"வேற என்ன பண்ண? நீங்க இல்லாம பேரு வைக்கக் கூடாது. நீங்க அம்மாவை அடக்கம் பண்ணிட்டிருக்கீங்க. துக்க வீட்டுல பிறந்ததுக்கு என்ன பேரு வைக்கணும்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அதைப் போய் உங்க நோட்டுல எப்படி எழுதறது? ரெண்டு வரிதானே, முந்தின பேரையே இதுக்கு மாத்திக் கட்டிடுவோம்னு..." அவன் குரல் இறங்கியது. "ஒகோத் நல்லதுன்னு நீங்க சொன்னதும், அப்பாடா, என் வரி காரணமில்லைன்னு நம்பிட்டேன்."

"நீ நகர்த்தின ஒகோத்துக்கு என் நோட்டு எப்படிடா சாட்சி சொல்லும், மடையா?"

"அந்த நேரத்துல தோணலைக்கா. தோணக் கூடாதுன்னு இருந்தேனோ என்னவோ."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

ஒதுவோர் தரையைப் பார்த்தான். "பண்ணினேன். உங்க அக்கா எடுத்தாங்க."

அமோண்டி கோபத்தில் எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவனைத் திட்ட வேண்டும் என்று நெஞ்சு வரை வந்தது. அம்மாவுக்காக வாய் மூடிக்கொண்டவனை எப்படித் திட்டுவது என்று தெரியவில்லை. "போய் அந்த வரியைச் சரிபண்ணு," என்று மட்டும் சொன்னாள்.

அரை மணியில் அவன் சரிபண்ணிக் கொண்டுவந்தான். மேஜைப் போன் இரண்டு தடவை அடித்தது. அமோண்டி அதற்கு உடனே பெயர் வைக்கவில்லை. அக்காவுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்: நாள் தெரிந்துவிட்டது.

இருபது நாளில் முதல் தடவையாக அக்காவே அழைத்தாள்.

"சொல்லு."

"ஏப்ரல் பதினெட்டு. சனிக்கிழமை மதியம்."

எதிர்முனையில் கோழி கொக்கரித்தது. காற்று வீசியது.

"அன்னிக்குத்தானே அம்மாவை..."

"ஆமாக்கா."

மறுபடியும் கோழி. அப்புறம் அவினோ மெல்லப் பேசினாள். "அன்னிக்கு உன் போன் அடிச்சுது. உன் ஆபீஸ் ஆள் எவனோ. நான்தான் எடுத்தேன். பேரு வைக்கணும்னு ஏதோ சொன்னான். எழவு வீட்டுல வந்து பேரு கேக்கிறியே, வெக்கமா இல்லையா, அவளை அழ விடுடான்னு கத்திட்டு வெச்சேன். உன்கிட்ட சொல்லவே இல்லை."

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயைத் திறக்கலையேடி?"

"நீ எந்த நாள்னுதானேக்கா கேட்டே."

அவினோ அழுதாள். அம்மாவைப் புதைத்த அன்றுகூட வீட்டு வேலையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு அழாமல் நின்றவள், இப்போது போனைக் காதில் வைத்துக்கொண்டே விட்டு விட்டு அழுதாள். அமோண்டி அவளை அழ விட்டாள்.

"அன்னிக்குப் பிறந்த அந்தப் பாவி மகனுக்கு என்ன பேரு வெச்சீங்க கடைசில?" என்றாள் அவினோ மூக்கைச் சிந்தியபடி.

"பேரே இல்லை. இன்னொருத்தன் பேரைப் போட்டுக்கிட்டு அஞ்சு மாசமா திரிஞ்சிருக்கு."

"ஒச்சோலான்னு எழுது. துக்கத்துல பிறந்தது ஒச்சோலாதான். அதை மறைச்சதாலதானே இத்தனையும். எழுதிட்டியா?"

அமோண்டி எழுதினாள். ஒகோத்தின் பெயரை எடுத்துப் பழைய இடத்திலேயே கட்டினாள். ஏப்ரல் பதினெட்டுக்கு ஒச்சோலா. மணி அடித்ததா என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.

"எழுதிட்டேன். இப்போ சரிபண்ணினது ஒண்ணு கையில இருக்கு. வெயில் கொளுத்துது, ஒச்சியெங்னு வைக்கலாம்னு பாக்கிறேன்."

"இரு, வைக்காதே."

டின் மூடி கிறீச்சிட்டது. எதையோ தட்டித் தட்டித் துடைக்கும் சத்தம் கேட்டது. "மூக்குல எல்லாம் மாவு," என்று அக்கா முணுமுணுத்தாள். பிறகு யாரிடமோ, "ஒகேயோ, இங்க வாங்க, வந்து பக்கத்துல உக்காருங்க," என்றாள்.

"போட்டாச்சு. அனுப்புடி. அன்னிக்கு மாதிரியே ரெண்டையும் அனுப்பு."

அமோண்டி முதல் செய்தியை அனுப்பினாள். ஏரிக்கு அந்தப் பக்கம் மணி அடிப்பது மெல்லிசாகக் கேட்டது. இரண்டாவதை அனுப்பினாள். ஒதுவோர் அவள் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அடிக்குது," என்றது ஒகேயோவின் குரல்.

அமோண்டி நோட்டில் ஒச்சியெங் என்று எழுதினாள். மணி அடித்ததா என்ற இடத்தில், ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, தன் காதுக்குப் பதிலாக அக்காவின் பெயரையும் அவள் புருஷன் பெயரையும் எழுதினாள்.