காய்ச்சல் என்று எழுதவைத்த பிரசன்னா சேச்சி

எங்கள் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில், வருகை குறைந்த பிள்ளைகளின் மன்னிப்பு மனுக்களை இருபத்திரண்டு வருடம் பார்த்தவர் பிரசன்னகுமாரி; மலையாளத்துக்காரர், எங்களுக்கெல்லாம் சேச்சி, அதாவது அக்கா. எனக்கு அடுத்த மேசை. மனு தேறினால்தான் பரீட்சை. இல்லையென்றால் ஒரு வருடம் போச்சு.

அவருக்கு ஒரு பழக்கம். தகப்பன் தூக்குப் போட்டுக்கொண்டது, கரு கலைந்தது என்று பிள்ளைகள் எழுதிக் கொண்டுவந்தால் அதைக் கோப்பில் ஏற்றமாட்டார்.

"இதை எட்டுப் பேர் படிப்பாங்க மோளே. காய்ச்சல்னு எழுது" என்பார். சான்று தரும் டாக்டரையும் அவரே சொல்லிவிடுவார். பொய்தான். அந்தப் பொய்யால் பட்டம் வாங்கியவர்கள் இந்த ஜில்லா முழுக்க இருக்கிறார்கள்.

போன வருடம் செயற்கை நுண்ணறிவு வந்தது. பழைய கோப்புகளைப் படித்து, அதே வழியில் முடிவெடுக்குமாம். சேச்சியின் கோப்புகள்தான் படு ஒழுங்கு என்று துணைவேந்தர் பொன்னாடை போர்த்தினார். ஒன்பது பேர் இருந்த பிரிவில் மூன்று பேர் மிஞ்சினோம். மெஷின் சொன்னதைப் பிள்ளைகளிடம் சொல்வது சேச்சியின் வேலை ஆயிற்று.

மார்ச்சில் ஜிஸ்மி வந்தாள். அம்மா கிணற்றில் குதித்துச் செத்ததை உள்ளபடி எழுதியிருந்தாள். மனு தள்ளுபடி.

"காய்ச்சல்காரங்களுக்கு எல்லாம் கிடைச்சிருக்கே சேச்சி?"

சேச்சி என்னையும் இழுத்துக்கொண்டு தேர்வுக் கட்டுப்பாட்டாளர் ஜேக்கப் சாரிடம் போனார்.

"இந்த மாதிரி காரணத்துக்கு நாம ஒரு தடவைகூட மன்னிச்சதில்லையாம். மெஷின் என்ன பண்ணும்?" என்றார் அவர்.

"மன்னிச்சிருக்கோம் சாரே. எல்லாத்தையும் காய்ச்சல்னு எழுத வெச்சது நான்தான்."

ஜேக்கப் சார் பேனாவை மூடினார். "இது என் காதுல விழல. வெளிய போனா அத்தனை பேர் பட்டத்தையும் தோண்டுவாங்க. எத்தனை பேர் இருக்கும்?"

"முந்நூறு இருக்கும்."

"அப்போ நீங்களே சொல்லுங்க, ஒருத்திக்காக முந்நூறு பேரா?"

சேச்சி விஷயத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். நானும் பின்னாலேயே வந்தேன். சேச்சிமேல் வந்த கோபத்தைவிட என்மேல்தான் எனக்கு இன்றும் அதிகம்.

"நானும் காய்ச்சல்னு மாத்திடட்டுமா?" என்று கேட்டாள் வெளியே காத்திருந்த ஜிஸ்மி.

"முதல்ல எழுதினது மெஷினுக்குள்ள இருக்கே மோளே. பொய்னு பிடிச்சிரும்."

"உண்மைய எழுதினா புரிஞ்சுக்குவாங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சேச்சி மே மாதம் ஓய்வு பெற்றார். ஜிஸ்மி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். சேச்சி இப்போது ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, பின்தெரு வழியாக நடந்து வீட்டுக்குப் போகிறார்.