ஏரிக்கரைக் கிளைப்பாதை

பாதைக்காரர் தன் மனைவியின் ஷூ நாடாவுக்கு இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் காலை ஆட்டிக்கொண்டே, "சீக்கிரம் வாட்ச்மேன்! ஒரு கேட்டைத் திறக்க இவ்வளவு நேரமா?" என்று அதட்டினாள்.

"கல்யாணம் ஆனதிலேர்ந்து நான் வாட்ச்மேன்தான், அக்கா," என்றார் என்னிடம். "இப்பத்தான் வாய்விட்டுச் சொல்றா."

பறவைகள் சரணாலயத்தின் ஏரிக்கரைப் பாதையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சருகு கூட்டுவார், நாணல் வெட்டுவார், கேட்டைத் திறந்து மூடுவார். வீடும் கேட்டை ஒட்டியதுதான். மனைவிக்கு மறதி நோய் வந்து மூன்று வருடமாகிறது. நான் முதியோர் பராமரிப்பில் பயிற்சி பெற்றவள். அவளைக் குளிப்பாட்டத் தினமும் காலையில் போவேன்.

நடக்கவிடாவிட்டால் அவள் சுவரில் தலையை மோதுவாள். கூட நடந்தால், யாரோ பின்தொடர்கிறார்கள் என்று அடிப்பாள். நானும் அடி வாங்கியிருக்கிறேன். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தப் பாதை ஏற்ற இறக்கம் இல்லாத வட்டம். இரண்டு பக்கமும் வேலி. பார்வையாளர்கள் வருமுன் கேட்டுக்குள் விட்டால், நாற்பது நிமிடத்தில் அதே கேட்டுக்கு வந்து சேருவாள்.

"என்னிக்காவது வம்பாகும், தம்பி."

"வட்டத்துல யாரு தொலைஞ்சு போவா, அக்கா?"

இதைவிட நல்ல யோசனை எனக்கும் இல்லை.

முந்தின வாரம் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. பறவைகளைக் கிட்ட நின்று பார்க்க, ஏரிக்குள் ஒரு பலகைப் பாதை வேண்டுமாம். அவர் முந்தின நாள்தான் வேலியைப் பிரித்து, நாணலை வெட்டி, பாதிப் பலகைகளைப் பதித்துவிட்டு வந்திருந்தார். குறுக்கே ஒரு கயிறு கட்டத் தோன்றவில்லை. அவருக்கு அது செய்து முடிக்க வேண்டிய வேலை, அவ்வளவுதான்.

அன்று கேட்டுக்குள் விட்டு ஐம்பது நிமிடமாகியும் அவள் வரவில்லை. அவர் கேட்டைத் திறந்தார்.

"வேலியைப் பிரிச்சு வெச்சிருக்கேன், அக்கா," என்றபடியே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

பலகை முடிந்த இடத்தைத் தாண்டி, இடுப்பளவு சேற்றில் நின்றிருந்தாள். கூப்பிடவில்லை, திரும்பவுமில்லை. வந்த வழியே திரும்பலாம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வட்டத்தில் அது தேவைப்படவில்லை. முன்னால் போகத்தான் காலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

இருவருமாக இழுத்துப் போட்டோம். கழுவிவிட்டுப் பார்த்தால் உடம்பெல்லாம் நாணல் கீறல்.

"அந்த வழியை அடைச்சிடறேன்," என்றார்.

"ஆபீஸ்ல விடுவாங்களா?"

அவர் ஈரத் துணியால் கீறல்களைத் துடைத்தார்.

"செத்திருப்பா, தம்பி. இனிமே தனியா விட முடியாது."

"பூட்டி வைக்கச் சொல்றீங்களா?"

"ஆமா."

"மண்டையை உடைச்சுக்குவாளே!"

"சுவத்துல மெத்தை கட்டுவோம்."

"அப்ப எப்பதான் வெளிய விடறது?"

"விடறதில்ல," என்றேன்.

அவர் அந்தத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிழிய அதில் தண்ணீர் இல்லை.

மறுநாள் காலையில் பழைய மெத்தைகளைப் பிரித்து அவள் அறைச் சுவரில் வைத்து ஆணியடித்தோம். கதவின் வெளிப்பக்கம் தாழ்ப்பாளை அவரே பொருத்தினார். நான் இழுத்துப் பார்த்தேன், சரியாக விழுந்தது. உள்ளே விட்டுத் தாழிட்டதும் அவள் கதவைத் தட்டத் தொடங்கினாள். பார்வையாளர்கள் கேட்டில் வந்து நின்றார்கள். நான் கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் பாதையைத் திறந்துவிடப் போனார்.